சீர்த்தட்டில் ஒன்பது கிரகங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. எதிர்வீட்டுக் குழந்தைக்கு ஒரு பந்து வாங்கலாமென்று பெரிய கடைவீதிக்குப் பின்னாலுள்ள சந்தில் ஒரு பொம்மைக் கடைக்குப் போனேன்.

"பந்துங்களா? எழுத்துப் பந்துங்களா, கணக்குப் பந்துங்களா?" என்றார் கடைக்காரர்.

"உருள்ற பந்து."

"அது இப்ப வர்றதில்லீங்கம்மா."

நான் திரும்புவதற்குள், பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார்: "ஏனுங்க பாய், அஞ்சு வயசுன்னு போட்டத மூணரை வயசுப் பையனுக்கு வாங்குனா, அவன அறிவாளிம்பாங்களா, என்னைய லூசும்பாங்களா?"

என்னிடம் இருந்தது அந்த ஒரு கேள்விதான். மீதியெல்லாம் நான் சேர்த்தது. பந்து வாங்கவில்லை.

2

தொடக்கங்கள்:

'நொய்யலைத் தொட்டு வந்த இளங்காற்று அவன் முகத்தில்...' (நிறுத்திவிட்டேன். நொய்யலைத் தொட்டு வரும் காற்று என்ன மணம் மணக்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.)

'விளையாட்டு என்பது குழந்தையின் ஆளுமையை...' (இதைப் பொம்மைப் பெட்டியின் முதுகிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நான் எதற்கு?)

எனக்கு முகங்கள் தெரிவதில்லை, பேச்சுத்தான் கேட்கும். அவனுக்கு மீசை உண்டா என்று கேட்காதீர்கள். அவன் பெயர் மதன்குமார். பல்லடத்தில் விசைத்தறிக்கூடம். (கடையில் 'அவர்', இங்கே 'அவன்'. நானே உண்டாக்கிய ஆளுக்கு நானே மரியாதையும் கொடுத்துக் கட்டுப்படியாகாது.)

அவன் தங்கை ரித்திகா, கணபதிப் பக்கம் குடியிருக்கிறாள். அவள் மகன் யுகனுக்கு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. தாய்மாமன் சீர்த்தட்டோடு வரவேண்டும். அவன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள். இதில் கதையில்லை. கதை பொங்கலன்று நடந்தது. 'மாமா' என்று சொல்லச் சொல்லிப் பையனைப் பத்துத் தடவை கேட்டும் அவன் சொல்லாமல் நிற்க, சொந்தபந்தம் அத்தனையும் கேட்கும்படி மதன்குமார் சொன்னான்: "பையன் கொஞ்சம் மந்தமாட்ட இருக்குது, அம்மணி."

அன்றிலிருந்து தங்கை பேசுவதில்லை. சீருக்குக்கூட மாப்பிள்ளைதான் அழைத்தார். ரித்திகா அனுப்பியது ஒரே ஒரு வாட்ஸ்அப் வரி: 'பிளாஸ்டிக் வேண்டாம், பேட்டரி வேண்டாம், எஜுகேஷனலா இருக்கட்டும்.'

3

கடை. (ரசாக் பாய் என்று பெயர் வைத்திருக்கிறேன். நல்ல மனிதர். விற்பதைப் பற்றி உண்மை பேசும் வியாதி உண்டு.)

"இது ரெண்டு வயசுலருந்துங்க தம்பி."

"அத எடுத்துட்டுப் போனா என்ர தங்கச்சி தட்டோட என்னைய வெளிய தள்ளிப்போடுவா. 'மறுக்காவும் மந்தம்னு எழுதிக் கொண்டாந்துட்டான்'பா."

"அப்ப மூணு?"

"அளந்து குடுத்தாப்பல இருக்குங்க."

"அஞ்சு?"

"நக்கல் பண்றேன்னு நெனச்சுக்குவாளோ?"

"தம்பி, பொட்டில வயசு போடறது அறிவ அளக்கறதுக்கில்லீங்க. மூணுன்னா, எடுத்து முழுங்கிப்போட மாட்டான்னு அர்த்தம். அவ்வளவுதான்."

"மூளை வளர்ச்சின்னு போட்டிருக்குதுங்களே?"

"வாங்கறவங்களுக்குன்னு போட்டிருக்கான்."

கடைசியில் ஐந்து வயதுக்கானதையே எடுத்தான். மரப்பலகை; நடுவில் சூரியன் படம், சுற்றிலும் எட்டுக் குழிகள், அவற்றில் பொருத்த எட்டு மர வில்லைகள். பூமி, செவ்வாய், சனி இத்யாதி.

"எட்டுங்களா?" என்றான் மதன்குமார். "ரெட்டப்படை ஆவாதுங்க பாய். சீர்ல எதுவானாலும் ஒத்தப்படையா இருக்கோணும்."

"பலகையையும் சேத்து எண்ணுங்க. ஒம்போது."

"பலகை தட்டாட்டம்ங்க. தட்ட எவனாச்சும் எண்ணுவானா?"

பாய் பெருமூச்சு விட்டு, உதிரி வில்லைகள் கிடந்த டப்பாவைத் துழாவினார். பச்சையாக ஒன்று அகப்பட்டது.

"இது என்ன கிரகமுங்க?"

"தர்பூசணி. பழப் பலகைல மிஞ்சுனது. தூரத்துலருந்து பாத்தா ஆருக்குத் தெரியும்?"

(அடிக்குறிப்பு: வானியல் படித்தவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். ஒற்றைப்படைக்காக மாப்பிள்ளை வீட்டுக்குப் பதினோராவது கார் பிடித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு கிரகம் எம்மாத்திரம்?)

4

இங்கே ரித்திகாவை எழுதியவிதத்தில் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முதல் வரைவில் அவளைக் கேலிச்சித்திரமாக எழுதியிருந்தேன்: வீட்டில் இருபத்தாறு அறிவுப் பொம்மைகள், நடுவில் கால் வைக்க இடமில்லாமல் நிற்கும் ஒரு குழந்தை. நன்றாகத்தான் வந்திருந்தது. அவள் குரல் குறுக்கே வந்தது.

"ஏனுங்கம்மா, என்னைய எதுக்குக் கிறுக்கியாட்டம் எழுதறீங்க?"

"கதைக்குக் கொஞ்சம் சிரிப்பு வேணும், கண்ணு."

"ப்ரீ-கேஜி மிஸ்ஸு டைரில எழுதி உட்டிருக்காங்க, கேட்டா பதில் சொல்றதில்லைன்னு. டாக்டர் ஒண்ணுமில்ல, பேசுவான்னு சொல்லிட்டாருங்க. வாராவாரம் ஆராச்சும் ஒருத்தரு 'இன்னும் பேசலீங்களா'ங்கறாங்க. பொம்மை வாங்காம நான் வேறென்ன பண்ணட்டுமுங்க? நீங்களே சொல்லுங்க."

இருபத்தாறில் இருபத்தொன்றை அடித்துவிட்டேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

5

காரமடைப் பக்கம் ஒரு மண்டபம். மேளம், சீர், கண்ணாடித்தாள் சுற்றிய தட்டுகள். ரித்திகாவின் பெரிய மாமியார் வள்ளியாத்தாள் ஒவ்வொரு தட்டாகத் திறந்து பார்த்தார். (திறக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கம் யாரும் எதையும் நேராகச் சொல்வதில்லை.)

"அட, கிரகமுங்களா! ஒண்ணு, ரெண்டு... ஒம்போது. நவக்கிரகம்! மாமங்காரரு வெவரந்தானுங்க."

மதன்குமார் சிரித்தான். உதட்டோடு நின்ற சிரிப்பு.

"கண்ணு, இங்க வாங்க சாமி. மாமன் வாங்கியாந்தத அடுக்கிக் காட்டுங்க பாக்கலாம்."

ரித்திகா, "இப்ப எதுக்குங்கத்த..." என்று தொடங்கினாள். அதற்குள் பலகை தரையில், பையன் அதன் முன்னால், சுற்றிலும் ஐம்பது பேர். பள்ளிக்கூடத்து நேர்முகத்தில்கூட மூன்று பேர்தான் இருப்பார்கள்.

யுகன் அடுக்கினான். பேசாமல், ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்து வில்லையை வைத்தான். எட்டும் சரியாகப் பொருந்தின. ஐந்து வயதுக்கானதை மூன்றரை வயதில். அதைப் பார்த்தவர்கள் மண்டபத்திலேயே இரண்டு பேர்தான்: அவன் அம்மாவும் மாமனும். மற்றவர்கள் பார்த்தது கையில் மிச்சமிருந்த பச்சை வில்லையை.

"ஒண்ணு உட்டுட்டானுங்க."

"பரவால்லீங்க, சின்னப் பையந்தான."

"மெதுவா வருமுங்க. எல்லாருக்குமா ஒரே மாதிரி இருக்கும்?"

இவ்வளவு 'ங்க' போட்டு ஒருவரைக் கொல்ல வேறெந்த ஊரிலும் முடியாது. ரித்திகா அண்ணனைத்தான் பார்த்தாள். அந்தப் பச்சை வில்லை எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. பொங்கலன்று அவன் சொன்னது மட்டும் தெரியும்.

6

முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

(அ) மதன்குமார் உண்மையை உடைக்கிறான், எல்லோரும் சிரிக்கிறார்கள், தங்கை கண் துடைக்கிறாள். அழகான முடிவு. ஆனால் நவக்கிரகம் என்று வள்ளியாத்தாள் வாயால் வந்தபிறகு, சீர்த்தட்டில் தர்பூசணி வைத்தேன் என்று சொல்லக்கூடிய தாய்மாமனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

(ஆ) அவன் வாய் திறப்பதில்லை. மடியில் பையன் அழுகிறான், ஊசிக்கு அழுவதாக எல்லோரும் சொல்கிறார்கள். இது நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.

(இ) பையன் பொம்மையை விட்டுவிட்டு அட்டைப்பெட்டியோடு விளை... (வேண்டாம். ஊரில் எல்லோரும் எழுதிவிட்டார்கள்.)

7

ஆகவே இங்கேயே நிற்கிறேன். காது குத்த வந்த ஆசாரி ஊசியைத் துடைத்துவிட்டார். மேளக்காரர் வாசிக்கலாமா என்று பார்க்கிறார். ஏழு மாதத்துக்குப் பிறகு ரித்திகா அண்ணனிடம் முதல் வார்த்தை பேசுகிறாள்.

"ஏனுங்ணா, பாத்துட்டே நிக்கறீங்க. சொல்லுங்க, என்ர பையன் மந்தமுங்களா?"

மதன்குமார் வாயைத் திறக்கிறான். இத்தனை நேரம் எல்லோர் பேச்சும் எனக்குத் தானாகவே கேட்டது. இவன் பேச்சு மட்டும் கேட்கவில்லை. கேட்காததை எழுதிக்கொடுத்தால் அது அவன் சொன்னதாகாது, நான் சொன்னதாகிவிடும். ரித்திகாவுக்கு அது போதாது.

உங்களுக்கும் ஒரு தங்கை இருப்பாள், அல்லது நாலு பேர் எதிரில் ஏதோ சொல்லிவிட்டு விழுங்கமுடியாமல் நின்ற ஒரு பொங்கல் இருக்கும். அடுத்த வரியை நீங்கள் பேசுங்கள். யோசித்துப் பேச நேரமில்லை. ஐம்பது பேர் நடுவில் குந்தியபடி, நிரம்பிவிட்ட பலகையில், பையன் இன்னும் ஒரு குழி தேடிக்கொண்டிருக்கிறான்.