வலப்பக்கம் பார்த்த சிங்கம்

வில்ஃப் ஈக் வாசலில் வந்து நின்றபோது, கதவை அவன் முகத்திலேயே சாத்திவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தேன்.

உலோகம் தேடும் கருவியைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்தின் நார்ஃபோக் வயல்களில் ஒன்றாகச் சுற்றியவர்கள் அவனும் என் கணவர் கிளைவும். ஒருநாள் உழுத நிலத்தில் கிளைவ் பித்தளை வில்லை ஒன்றை எடுத்தார். தங்கப்பூச்சு அங்கங்கே மிச்சமிருந்தது, நடுவே ஏதோ பிரபுக் குடும்பத்தின் சிங்கம். குதிரைக் கடிவாளத்தில் பதித்தது, நானூறு வருஷப் பழசு என்றார். பழம்பொருள் தேடுகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வில்ஃப் சிரித்தான். குடும்பச் சின்னத்தில் சிங்கம் நமக்கு இடப்பக்கம்தான் பார்க்கும், இது வலப்பக்கம் பார்க்கிறது, விவரம் தெரியாத எவனோ நேற்றுச் செய்த போலி என்றான். அதிலிருந்து கிளைவைக் கண்டாலே, "சிங்கம் இன்னிக்கு எந்தப் பக்கம்?" என்று கிண்டல்தான். மனுஷன் கருவியைக் கொட்டகையில் போட்டவர், வயல் பக்கமே போகவில்லை. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"கிளைவ் இருக்கானா, ஈனிட்?"

"இருக்காரு. மறுபடியும் சிரிக்க வந்தியா?"

"ஒரு சாமான் காட்டணும். அப்புறம் வேணும்னா துரத்திடு."

சமையலறையில் கிளைவ் உட்கார்ந்திருந்த மேசையில் கைக்குட்டையை விரித்தான். அதே அளவு வில்லை, அதே முறுக்குக் கயிறு வடிவ விளிம்பு, அதே சிங்கம். ஆனால் இடப்பக்கம் பார்த்தது.

"அதே வயல்தான்டா. நேத்து எடுத்தேன்."

கிளைவ் தன்னுடையதை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தார்.

"கடிவாளத்துல குதிரை வாய்க்கு ரெண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒன்னு," என்றான் வில்ஃப். "ரெண்டு சிங்கமும் குதிரை போற திசையைப் பாக்கணும்னு செஞ்சவன் ஒன்னைத் திருப்பிச் செஞ்சிருக்கான். எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்."

கிளைவ் இரண்டையும் பால் ஜாடியின் இரு பக்கமும் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஜாடியின் மூக்குப் பக்கமே பார்த்தன.

"பேசாம இதை டப்பாக்குள்ள போட்டு மூடியிருக்கலாம்," என்றான் வில்ஃப். "மனசு கேக்கல. வியாழக்கிழமை கூட்டத்துல ரெண்டையும் நீயே காட்டு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

கிளைவ் இரண்டு வில்லைகளையும் அவன் பக்கம் நகர்த்தினார்.

"நீயே காட்டு வில்ஃப். நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல. நீ சொன்னா நம்புவாங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க நான் என்னென்னவோ சேர்த்துவைத்திருந்தேன், ஒன்றும் தேவைப்படவில்லை. வில்ஃப் அந்த வில்லைகளைத் தொடவும் இல்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை.