பதினாலாவது ரீல்

பனையேந்தலில் குடிக்கத் தண்ணீர் இல்லாத வருஷம் உண்டு. உலகத்திலேயே உசத்தியான படம் எது என்ற சண்டை இல்லாத வருஷம் கிடையாது. மாசி தொட்டு சித்திரை வரைக்கும் களத்தில் குண்டு மிளகாய் வத்தலைக் குவித்துப் போட்டு, நல்லது ஒரு பக்கம், சோடை ஒரு பக்கம் என்று பெண்கள் பிரித்துக்கொண்டிருப்பார்கள். கை வத்தலைப் பிரிக்கும், வாய் படங்களைப் பிரிக்கும். கண்ணில் தண்ணீர் வருவது நெடியாலா, படத்துக் கதையாலா என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

"எத்தன தடவ சொன்னாலும் 'பெற்றவள் பந்தி'தான் முதப் படம். மத்ததெல்லாம் அதுக்கப்புறந்தான்" என்பாள் சண்முகவள்ளி.

"ஆமா, சோத்தப் போட்டுக் காமிச்சா அது ஒரு படமாக்கும்!" என்று சேதுலட்சுமி பாய்வாள். "'குதிரைக்காரன் சபதம்' மாதிரி ஒண்ணு இனி ஒருத்தன் எடுத்துருவானா? அந்தக் குதிரை நடிச்சதுல கால்வாசி நடிச்சிருப்பானா உம் படத்து மூத்த மவன்?"

"குதிரைக்கு மட்டும் பேசத் தெரிஞ்சா அதுவே எம் படத்துக்குத்தான் ஓட்டுப் போடும்டி."

இப்படியே பொழுது சாயும். இரண்டாவது இடம் வருஷா வருஷம் மாறும், மூன்றாவது இடம் வாரா வாரம் மாறும். முதல் இடத்தை மட்டும் பதினாலு வருஷமாக வள்ளி விட்டுக்கொடுத்ததில்லை.

அவள் புருஷன் ராக்கப்பன் சற்றுத் தள்ளி உட்கார்ந்து சாக்குத் தைப்பான். கலியாணத்துக்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவன். அந்தக் கொட்டகை போய்ப் பல வருஷமாகியும் ஊருக்கு அவன் இன்னமும் ஆபரேட்டர்தான். ஆனால் இந்தப் பேச்சு எழுந்தால் மட்டும் கோணூசி தன்னால் அவன் விரலைக் குத்தும். பாவம், அவன் வயிற்றில் இருந்த பூனைக்குட்டி அவனுக்குத்தானே தெரியும்.

அது எழுபத்து நாலாம் வருஷம். உப்பூர் போகிற ரோட்டோரத்தில் கொட்டகை போட்டிருந்தார்கள். ஒரே ஒரு மெஷின். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்டி, மறுபடி விளக்கை அணைக்க வேண்டும். அன்றைக்கு 'பெற்றவள் பந்தி'. நாலு மகன்களும் நாலு திசைக்குப் பிரிந்துபோக, "நாலு பேரும் ஒரே வரிசையில உக்காந்தாத்தான் என் வாயில சோறு" என்று சபதம் போட்ட தாயின் கதை. பன்னிரண்டாவது ரீலின் கடைசியில் இளைய மகன் பஸ் ஸ்டாண்டில் படுத்துத் தூங்கிவிடுகிறான். பதின்மூன்றில் திடுக்கென்று விழித்து, ஓடிப்போய் அண்ணன்மாரைக் கூட்டி வருகிறான். பந்தி நடக்கிறது, தாய் வயிறாரச் சாப்பிடுகிறாள். பதினாலில் அவள் செத்துப்போகிறாள். பாடை, கொள்ளி, முடிந்தது படம்.

ராக்கப்பன் பதின்மூன்றுக்குப் பதில் பதினாலை மாட்டிவிட்டான்!

திரையில் பாடை கிளம்பியபோதுதான் அவனுக்கே தெரிந்தது. நடுவில் நிறுத்தினால் மணல் வாரி எறிவார்கள். வருவது வரட்டும் என்று கொள்ளி வைக்கிறவரை ஓட்டினான். 'வணக்கம்' போடுகிற துண்டு ஏற்கெனவே அறுந்து போயிருந்த பழைய பிரிண்ட். அது ஒரு புண்ணியம். பிறகு பதின்மூன்றை மாட்டினான். இளைய மகன் பஸ் ஸ்டாண்டில் அலறிக்கொண்டு விழித்தான். ஒரு நிமிஷம் கொட்டகையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எவனோ ஒருத்தன், "ஏலே, கனாடா! அம்புட்டும் கனா!" என்று கத்தினான். அவ்வளவுதான். விசில் என்ன, கும்மாளம் என்ன! அந்தத் தாய் முதல் கவளத்தை வாயில் வைத்தபோது பெண்கள் பக்கம் அழுது தீர்த்துவிட்டது. உதை வாங்கத் தயாராக இருந்த ஆபரேட்டரை, "எப்பேர்ப்பட்ட படம் கொண்டாந்தீக!" என்று தோளில் தூக்காத குறை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அக்கம்பக்கத்து ஊரெல்லாம் வண்டி கட்டி வந்தது, அந்தக் கனாவைப் பார்க்க. மூன்று நாளும் அதே வரிசையில்தான் படம் ஓடியது.

ராமநாதபுரத்தில் படத்தை நேராகப் பார்த்தவர்கள் இந்த ஊரில் வாயைத் திறக்க முடியாது. அங்கேயிருந்து வாக்கப்பட்டு வந்த இராமலட்சுமி, "தாய்க்காரி கடைசில செத்துல்ல போவா?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாள். களமே அவள்மேல் ஏறி விழுந்தது. "டவுன்ல கடைசி ரீலப் போடாம ஏமாத்தி அனுப்பிருக்கான், அது தெரியாம வாரா பாரு. இந்தா, ஆபரேட்டரே சாட்சி, கேளு!" என்றார்கள். ராக்கப்பன் தலையைக் குனிந்துகொண்டு, "நான் போட்டது அப்பிடித்தான்" என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லையே! மூன்று மாசத்தில் இராமலட்சுமியே அந்தக் கனாவைப் பற்றி மற்றவர்களுக்கு விளக்க ஆரம்பித்தாள்.

ஊரிடம் சொல்லாவிட்டாலும் பெண்டாட்டியிடமாவது சொல்லியிருக்கலாம். கலியாணமான புதிதில் சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "எங்காத்தா செத்து மூணு மாசமா எனக்குச் சோறு இறங்கல. வாயில வச்சா கொமட்டும். சித்தி இழுத்துக்கிட்டுப் போயி அந்தப் படத்துல உக்கார வச்சா. அந்தத் தாய்க்காரி எந்திரிச்சு வந்து சாப்புட்டா பாருங்க, அன்னைக்கு வீட்டுக்கு வந்து நானும் ஒரு தட்டுச் சோறு தின்னேன்." இதைக் கேட்ட பிறகு எந்த மனுஷன் சொல்லுவான்? ராக்கப்பன் விழுங்கியது பதினாலு வருஷம் தொண்டையிலேயே நின்றது.

எண்பத்தெட்டாம் வருஷம் அதற்குக் கேடு வந்தது. மாரியம்மன் பொங்கலுக்கு டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து ராத்திரி படம் போடுவது ஊர் வழக்கம். முதலில் போடுகிற படத்துக்குத்தான் மரியாதை. அப்போதுதான் பிள்ளைகளும் கிழடுகளும் விழித்திருக்கும். அதைத் தேர்ந்தெடுக்க வீட்டுக்கு ஒரு வத்தல். கோயில் வாசலில் படத்துக்கு ஒன்றாகப் புடைக்கிற சொளகு வைத்துவிடுவார்கள். பிடித்த படத்தின் சொளகில் வத்தலைப் போட வேண்டியது. திருவாடானையில் கேசட் கடை வைத்திருந்த கபீர் அந்த வருஷம் சொல்லி அனுப்பினான்: "'பெற்றவள் பந்தி' கேசட்டு வந்திருச்சு."

வள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை. ராக்கப்பனுக்குத் தரையே இல்லை.

"இந்த வருசம் உன் தங்கச்சி வீட்டுக்கு, உத்தரகோசமங்கைக்குப் போயிட்டு வருவமா? ரொம்ப நாளாச்சு" என்று கேட்டுப் பார்த்தான்.

"பொங்கலும் அதுவுமாவா? புத்தி கித்தி பெரண்டு போச்சா?" என்றாள். சோற்றுப்பானை அடுப்பில் இருந்ததால், நல்ல சிவப்பாகப் பார்த்து ஒரு வத்தலை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். "போயி நம்ம படத்துக்குப் போட்டுட்டு வாங்க."

அவன் போனான். நாலு பேர் பார்க்க, 'குதிரைக்காரன் சபதம்' சொளகில் போட்டான்.

அவன் வீட்டுக்கு வருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வள்ளி அவனைப் பார்க்கவில்லை. தொழுவத்தில் நின்ற பசுவைப் பார்த்தாள். "ஏய் லெச்சுமி, கேட்டியா சேதியை? எங்காத்தாளுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்க வச்ச படம். அதுக்கு எதிரா வத்தல் போட்டுட்டு வாராரு இந்த மகராசன். என்னான்னு கேளு."

"வள்ளி, நான் சொல்லுறதக் கொஞ்சம்..."

"ஒண்ணும் சொல்ல வேணாம்னு சொல்லு லெச்சுமி."

இவ்வளவு பண்ணியும், ஒரே ஒரு வத்தல் வித்தியாசத்தில் 'பெற்றவள் பந்தி'தான் ஜெயித்தது. பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அந்த வீட்டில் பேச்சுவார்த்தை முழுக்கப் பசு மூலமாகத்தான் நடந்தது. ராக்கப்பனுக்குச் சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

பொங்கலன்று இருட்டியதும் கோயில் வாசலில் ஊரே பாய் விரித்துவிட்டது. கபீர் டிவியைப் பெஞ்சுமேல் பெஞ்சு போட்டு ஏற்றி வைத்தான். வள்ளி முதல் வரிசையில், தலைக்குப் பூ வைத்துக்கொண்டு. ராக்கப்பன் கடைசியில், வேப்பமரத்தடியில். டெக் அவன் பொறுப்பில் இல்லை என்பதுதான் அவன் துக்கமெல்லாம்.

படம் ஓடியது. இளைய மகன் பஸ் ஸ்டாண்டில் படுத்தான். "இப்பக் கனா வரும், பாருங்க" என்று பெரியவர்கள் பிள்ளைகளை உசுப்பினார்கள். கனா வரவில்லை. அவன் விழித்தான், ஓடினான், அண்ணன்மாரைக் கூட்டி வந்தான். பந்தி நடந்தது. தாய் சாப்பிட்டாள். சரி, எதையோ வெட்டிவிட்டான் போலிருக்கிறது என்று ஊர் பொறுத்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்தத் தாய் சாய்ந்து படுத்தாள், செத்தாள். பாடை கிளம்பியது. இளைய மகன் கொள்ளி வைத்தான். 'வணக்கம்' என்று போட்டுத் திரை இருண்டது.

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லாரும் அவன் விழிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"மிச்சம் எங்கடா?" என்று முதலில் எழுந்தது யார் தெரியுமா? சேதுலட்சுமி! பதினாலு வருஷம் அந்தப் படத்தைச் சோடை என்று சொன்னவள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கபீருக்கு முன்னால் போய் நின்றாள். "படத்தக் கொன்னு கொண்டாந்திருக்கியே, நீ வெளங்குவியா? எம் படத்துக்கு எதிர நிக்கிறதுக்கு அது ஒண்ணுதாண்டா ஊர்ல இருந்துச்சு!"

"முழுப் படத்தயும் கொண்டாந்துட்டு டெக்கத் தூக்கு" என்று ஊர்ப் பெரியவர் நாகநாதன் தீர்ப்பே சொல்லிவிட்டார். இரண்டு பேர் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"அல்லா மேல ஆணையா இதுதாண்ணே முழுப் படம்! படமே இம்புட்டுத்தான்!" கபீர் இரண்டு கையாலும் டெக்கைக் கட்டிக்கொண்டான்.

ராக்கப்பன் வள்ளியைத்தான் பார்த்தான். அவள் யாரோடும் சேர்ந்து கத்தவில்லை. இருண்ட டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூ நழுவித் தோளில் கிடந்தது. அவனால் அதற்கு மேல் மரத்தடியில் நிற்க முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அவன விடுங்கப்பா. அந்தப் பிள்ள மேல தப்பில்ல. படம் இதுதான். நாந்தான் ரீல மாத்திப் போட்டேன்."

ஒயரைச் சுற்றியவர்கள் கையை எடுத்தார்கள்.

"கடைசி ரீல முன்னாடி மாட்டிட்டேன். கனாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாய்க்காரி செத்துத்தான் போவா."

"மூணு நாளுமா ஓய் தப்பா மாட்டுனீரு?" என்றார் நாகநாதன், நம்பாமல்.

ராக்கப்பன் ஊர் முன்னால் பெண்டாட்டியைப் பற்றிப் பேசிப் பழக்கமில்லாதவன். ஆனாலும் சொன்னான். "முதநா தப்புதான். படம் ஆரம்பிக்கு முன்னாடியே ஒரு பொண்ணு அழுதுக்கிட்டு இருந்துச்சு. விளக்கப் போட்டப்ப மெஷின் ஓட்ட வழியா அதப் பாத்துக்கிட்டே கைக்குக் கெடச்ச ரீல மாட்டிட்டேன். படம் முடிஞ்சு போகையில அது மூஞ்சியத் தொடச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு. மறுநாளும் வந்துச்சு. அதுக்கு மறுநாளும் வந்துச்சு. சரியாப் போட எனக்கு மனசு வரல. அந்த ரெண்டு நாளும் தெரிஞ்சேதான் மாத்திப் போட்டேன்."

அந்தப் பெண் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் முதல் வரிசைக்குத் திரும்பியது. சேதுலட்சுமி சத்தம் போடாமல் உட்கார்ந்தாள்.

வள்ளி எழுந்தாள். முதலில் கபீரிடம்தான் பேசினாள். "தம்பி, அந்தப் பந்திக்குத் திருப்பு."

கபீர் கேசட்டைப் பின்னால் ஓட்டினான். இளைய மகன் மறுபடி விழித்தான். மறுபடி ஓடினான். நாலு மகன்களும் வரிசையாக உட்கார, தாய் இலைக்கு முன்னால் அமர்ந்தாள். அவள் கடைசிக் கவளத்தைச் சாப்பிட்டு, இலையை மடக்கியதும், வள்ளி கையை உயர்த்தினாள். "இங்கன நிப்பாட்டு. மிச்சத்தப் பாத்தாச்சு."

நிறுத்தினான். மூக்கு உறிஞ்சுகிற சத்தம் மட்டும் அங்கங்கே கேட்டது.

அவள் ராக்கப்பனிடம் வந்தாள். திட்டப் போகிறாள் என்றே அவன் நினைத்தான். திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றான். மூன்று நாளைக்கப்புறம் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"செத்தவ வரமாட்டான்னு எனக்குத் தெரியாதாக்கும்?" என்றாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்கவில்லை. "ஆனா மூணு நாளும் எங்காத்தாளுக்குச் சோறு போட்டது நீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே."

அவன் கையைப் பிடித்து, ஊர் பார்க்க, முதல் வரிசையில் தன் பாயில் கொண்டுபோய் உட்கார வைத்தாள்.