எருமை மேல் எறிந்த இரண்டு கல்

…நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, இடது காலை மட்டும்தான் எண்ண வேண்டும், வலது கால் சும்மா கூடவே வருகிறது, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி, நாற்பத்துமூன்று, இடது கால் நூறு தடவை தரையைத் தொட்டால் இடது பாக்கெட்டிலிருந்து ஒரு கூழாங்கல் வலது பாக்கெட்டுக்குப் போகும், பத்தரைக் கூழாங்கல் சேர்ந்தால் ஒரு மைல், மைலை அத்தா கல் என்பார், ஆகப் பத்தரைக் கல் ஒரு கல், இதைக் கோயமுத்தூர் காலேஜில் சொன்னால் கணக்கு வாத்தியார் அழுதுவிடுவார், நாற்பத்தாறு… நாற்பத்தைந்தைச் சொன்னேனா? சொல்லியிருப்பேன். முன்னால் இருபதடி தள்ளி மூக்கன் போகிறார், தோளில் தபால் பை, தலையில் கம்பளி முக்காடு, வெள்ளைக்கல் தேயிலை எஸ்டேட்டின் தபால்காரர், ஊட்டியிலிருந்து எஸ்டேட்டுக்கு இந்தப் புல்மேட்டுப் பாதையில் பதினோரு வருஷமாக நடக்கிறவர், நான் எண்ணும்போது பேசக் கூடாதென்று கிளம்பும்போதே சொல்லிவிட்டேன், மனிதர் அதற்காக இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு நடக்கிறார், எனக்கு வெட்கமாக… இல்லை, குளிராக இருக்கிறது, ஐம்பது.

புல், புல், புல். மலைமடிப்புக்குள் ஒரு கைப்பிடி சோலை, மறுபடி புல். துரைமார் இதை டவுன்ஸ் என்கிறார்கள், மூச்சு வாங்க ஏறித்தான் வர வேண்டும், பெயர் மட்டும் டவுன், கீழே. அவர்கள் ஊரிலும் இப்படித்தான் இருக்குமாம், அந்த ஊரை விட்டுவிட்டு ஆறாயிரம் மைல் கப்பலில் வந்து, அந்த ஊர் மாதிரியே இருக்கிறதென்று சந்தோஷப்படுகிறார்கள். கிளப் செக்ரட்டரி பெர்க்கின்ஸ் துரை, சீசனுக்கு வரும் விருந்தாளிகளுக்காகப் போன வருஷம் ஒரு புத்தகம் போட்டார், புல்வெளியில் பதினோரு உலாப் பாதைகள், அழகு, தூரம், நேரம் எல்லாம் உண்டு. அழகை அவர் வராந்தாவில் உட்கார்ந்தே எழுதிவிட்டார், அவருக்குக் காலில் வாதம். தூரத்துக்கு என் கால். ஒன்பதாம் பாதை இதுதான்: நான்கு மைல், சீமாட்டிகளுக்கும் சுலபம், ஒன்றேகால் மணி நேரம், வழியில் ஒருவரையும் சந்திக்க நேராது. முன்னுரையில் என் பெயரும் இருக்கிறது, மிஸ்டர் அயூப், நம்பகமான நடை. அத்தா எங்கள் கம்பளிக் கடையில் அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார். மெட்ராஸில் பி.ஏ. சேர பெர்க்கின்ஸ் ஒரு கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அடுத்த வாரம், அதிலும் நம்பகமான என்ற சொல் வருமாம்… தொண்ணூற்றொன்பது, நூறு. மாற்று. வலது பாக்கெட்டில் பத்தொன்பது.

நான்கு மைல் பொய்யில்லை. பாக்கெட்டில் இருந்ததைத்தான் சொன்னேன், நாற்பத்திரண்டு கூழாங்கல், பத்தரையால் வகுத்தால் நாலு, வாத்தியாரே வந்து வகுத்தாலும் நாலு. பாக்கெட்டில் இல்லாததைப் பற்றி பெர்க்கின்ஸ் கேட்கவில்லை. அதோ அந்தப் பள்ளத்தில், போன வருஷம் மே மாதம், மூடுபனிக்குள்ளிருந்து தோடர் எருமை ஒன்று வந்தது, நான் கையை விரித்தால் எவ்வளவோ அவ்வளவு அகலக் கொம்பு, அது என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், எங்களில் யாரோ ஒருவர் பயந்தோம், வலது பாக்கெட்டில் கையை விட்டு அள்ளி அள்ளி எறிந்தேன், கடைசிக் கல்வரை. இரண்டு மைல் தூரத்தை முதுகில் வாங்கிக்கொண்டு அது மேயத் தொடங்கியது. பிறகு புல்லுக்குள் தேடினேன், கையில் கிடைத்தது கல் இல்லை. சரியென்று அங்கிருந்து புதிதாக எண்ணிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன், மிச்சமே முழுசாக அச்சாகிவிட்டது. யாருக்கு என்ன நஷ்டம், சீமாட்டிகள் கொஞ்சம் வேர்ப்பார்கள், உடம்புக்கு நல்லது, இப்படித்தான் நினைத்தேன், அறுபதா, அறுபதுதான், போன செவ்வாய்க்கிழமை மூக்கன் கடைக்கு வரும் வரைக்கும்.

ஏனுங்க தம்பி, நீங்க படிச்சவங்க, ஒரு ஞாயம் சொல்லுங்க என்று ஆரம்பித்தார். புல்மேட்டுப் பாதை நாலு மைலுன்னு ஏதோ புஸ்தகத்துல போட்டிருக்குதாமுங்க. எங்க எஸ்டேட் துரை அதை மேசை மேல வெச்சுக்கிட்டு, வெள்ளைக்காரப் பொம்பளைங்களே ஒண்ணேகால் மணியில வர்றாங்க, உனக்கென்னடா ரெண்டு மணி, எந்தச் சோலையில படுத்துத் தூங்கறேங்கறாருங்க. திங்கக்கெழமையில இருந்து ஒண்ணேகால் மணியில வரோணுமாம், இல்லேன்னா வேற ஆளாம். வேலை போனா எஸ்டேட்டுல குடுத்த லயத்து ஊடும் போயிருமுங்க, எம் பொண்டாட்டி இசக்கியம்மாளையும் கொழுந்தெடுக்க விடமாட்டாங்க. அத்தா பாதிதான் கேட்டார், கேட்டதும் முகமெல்லாம் சிரிப்பு, அட, அது எங்க அயூப் எண்ணின பாதையாச்சேப்பா, இங்க பாரு, பேரு போட்டிருக்கு! மூக்கன் அந்தக் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், அப்படிங்களா என்றார். மழையில் பாதை கொஞ்சம் நீண்டிருக்கலாம் என்றேன் நான். அத்தா ஆமோதித்தார், கம்பளி சுருங்குகிற மாதிரி பாதை நீளுமாக்கும். அப்ப தம்பியே இன்னொருக்கா எண்ணி ஒரு காயிதம் எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா எங்க துரை நம்புவாருங்க என்றார் மூக்கன், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்… நூறு. இருபது.

ஆறு என்று எழுதினால் போன வருஷம் நான் எண்ணியது பொய், அத்தா ஆணியைப் பிடுங்க வேண்டும், கடிதத்தில் நம்பகமான என்ற சொல்லுக்கு இடமிருக்காது, கடிதமே இருக்காது. நாலு என்றால் மூக்கனுக்கு வீடில்லை. ஐந்து? ஐந்தில் ஒரு அழகு இருக்கிறது, நான் கொஞ்சம் தப்பு, மூக்கன் கொஞ்சம் சோம்பேறி, இருவருக்கும் பாதிப் பாதி, சர்க்கார் கமிட்டிகளெல்லாம் இப்படித்தான் முடிவெடுப்பதாகக் கேள்வி, அவர் மட்டும் கொஞ்சம் வேகமாக… நாற்பது வயசு, அந்த இருமல், ஏற்றம்… ஓடலாம், ஓட முடியாதா என்ன? நூறு. இருபத்தொன்று. பள்ளம் வந்துவிட்டது. அன்று எறிந்தது சரியாக எத்தனை என்று இன்று தெரிகிறது, இருபத்தொன்று, இரண்டு மைல், குறைவில்லை, கூடுதல் இல்லை. இங்கே பத்துக் கல்லைப் புல்லில் நழுவவிட்டால் போதும், சத்தம்கூடக் கேட்காது, மிச்சமெல்லாம் நேர்மையாக எண்ணலாம், கடைசியில் ஐந்து வந்து நிற்கும், பாக்கெட்டில் இருந்ததைத்தானே சொன்னேன் என்று மறுபடி… எருமைகள். பள்ளத்தில் நாலைந்து நிற்கின்றன. மூக்கன் நிற்கிறார், ஓரமாக ஒதுங்குகிறார், நாக்கால் ஏதோ சத்தம் கொடுக்கிறார், அவை பாட்டுக்கு நகர்கின்றன, இவ்வளவுதானா? என் கை வலது பாக்கெட்டுக்குள் இருக்கிறது, விரல்களுக்குள் பத்துக் கல், எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, மெதுவாக வெளியே…

"இந்தத் தடவ கல்லக் கீழ போட்டுறாதீங்க தம்பி."

திரும்பாமலே சொன்னார். அன்று நான் யாரையும் பார்க்கவில்லை, எருமையைப் பார்த்தேன், பனியைப் பார்த்தேன், வழியில் ஒருவரையும் சந்திக்க நேராதென்று எழுதியே கொடுத்தேன், ஆனால் இது அவர் தினமும் போகிற பாதை, தினமும் என்றால் அன்றும்தான். அப்படியானால் கடையில் கண்ணாடியைப் பார்த்து அப்படிங்களா என்றாரே, அத்தா முன்னால் ஒரு வார்த்தை… எறிந்துவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தால் எருமைக்காக என்று வைத்துக்கொள்ளலாம், கீழே போடாதீர்கள் என்றால் எதற்காக? பத்துக் கல்லும் உள்ளங்கையில் வேர்த்திருக்கின்றன. உள்ளேயே விட்டேன். அடுத்த அடியை எடுத்து வைக்கப் போனால் எழுபத்துமூன்றா, எண்பத்துமூன்றா, தெரியவில்லை, இருபத்தோராவது கல்லை மாற்றிய இடத்துக்குத் திரும்பிப் போய்த்தான் எண்ண வேண்டும், திரும்பிப் பார்த்தேன், புல், புல், புல். எந்த இடம்? அவருக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்லிவிடுவார்.

இடது காலைத் தூக்கியபடியே நின்றேன். மூக்கனும் நின்றுவிட்டார், முதுகைக் காட்டிக்கொண்டு, அடக்கி வைத்திருந்த இருமலை ஒவ்வொன்றாக இருமிக்கொண்டு.