சர்ச்சுக்குப் போன ஈஸ்ட்

வாருங்கள் கண்ணுகளா, கிட்டே வந்து உட்காருங்கள். எங்கள் டாஸ்மேனியாவில் ஒரு ஈஸ்ட் சர்ச்சுக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

கிளாரி வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவர். ஊர்க் கண்காட்சிப் போட்டிக்காகக் கொதிக்கவைத்த பார்லி மால்ட் தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. பாலுக்கு உறைமோர் மாதிரி அதில் ஊற்றவேண்டிய ஈஸ்ட்தான் பிளாஸ்டிக் பாட்டிலில் நுரையே கட்டாமல் கிடந்தது.

"குளிர்ல விறைச்சுப்போச்சு நோலீன். செத்துட்டா இந்த வருஷப் போட்டி அவ்வளவுதான்."

"அதுக்காக அதைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருப்பீங்களா? சர்ச்சுக்குக் கிளம்புங்க!" என்றாள் மனைவி.

கிளாரி பாட்டிலையே கம்பளிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கிளம்பினார். வழக்கமாகக் காற்றுப் போக, பாட்டில் வாயில் அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்திவைப்பார். அன்று சிந்திவிடுமே என்று மூடியை இறுகத் திருகிவிட்டார்.

பாதிப் பிரசங்கத்தில், வயிற்றுச் சூட்டில் ஈஸ்ட் விழித்துக்கொண்டது. பாட்டில் உப்ப, சட்டையும் உப்பியது.

"எத்தனை மாசம்?" என்று நோலீன் அவர் காதில் கிசுகிசுத்தாள்.

படார்! மூடி பறந்தது. நுரை சட்டையெல்லாம் நனைத்து, பாதிரியார் மூக்கிலும் போய் அப்பியது. அவரும் கொட்டகையில் பியர் காய்ச்சுகிறவர்தான். ஒரு விரலால் வழித்து நக்கிப் பார்த்தார்.

"உயிரோடதான் இருக்கு கிளாரி! ஓடிப்போய் ஊத்துய்யா!"

"பாட்டில்ல ஒரு சொட்டு இல்லையே ஃபாதர்!"

"சட்டையைப் பிழி!"

பிழிந்து ஊற்றினார். பியர் பொங்கிவிட்டது. லேசான ஆட்டு வாசனையைப் பாராட்டி நடுவர்கள் இரண்டாம் பரிசும் கொடுத்தார்கள்.

உங்கள் வீட்டில் மாவும் மனசும் என்றைக்கும் பொங்கிக்கொண்டே இருக்கட்டும், தங்கங்களா.