பத்து மணிச் செய்தி

இல்லை, இதுவும் இல்லை, இதில் இரண்டு பேர் பல்வலியைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்தது பாட்டு, அதற்கடுத்ததும் பாட்டு, காலை ஒன்பதரை மணிக்கு இத்தனை பேர் உட்கார்ந்து பாட்டா கேட்கிறார்கள், ஒருவருக்கும் வேலைவெட்டி கிடையாதா… தனக்கும்தான் இன்று கிடையாது, பனியனோடு மாமனாரின் ரேடியோ ரிசீவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், பதினேழு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த கைகளுக்கு இந்த ஒரு பெட்டி அடங்க மாட்டேன் என்கிறது. பெரிய திருகைத் திருப்பினால் சத்தம்தான் கூடுகிறது, முதலில் அதைத் திருப்பித்தான் வீடே கிடுகிடுத்தது, நிலையம் மாற்றுவது அந்தச் சின்னத் திருகு, அதற்கும் முன்னால் ‘டியூனர்’ என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும், அழுத்தினால் பச்சை எண்கள் தாமாகவே கடகடவென்று ஓடிப் பலமான நிலையம் எதுவோ அங்கே போய் நின்றுகொள்கின்றன, பலவீனமானதையெல்லாம் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் தாண்டிவிடுகின்றன. அவனுக்கு வேண்டியதோ அந்தப் பலவீனமான ஒன்று, இந்த நகரத்துக்குள் மட்டும் கேட்கிற உள்ளூர் வானொலி, தண்ணீர் எப்போது நிற்கும், எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், எங்கே என்ன விபத்து என்று மணிக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் சொல்வார்கள். டிவியில் நாட்டு நடப்பு வரும், ஒரு குடியிருப்பின் நாலாம் மாடி வராது.

போன் இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை, அவனிடம் இருந்த ஒரே போன் கம்பெனிப் போன், நேற்று சாயங்காலம் சூப்பர்வைசர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்து கையை மட்டும் நீட்டினார், முகத்தைப் பார்க்கவில்லை. “போனை இங்க வச்சிட்டு வீட்டுக்குப் போ. நான் கூப்பிடுற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத. முக்கியமா ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாத.” கூப்பிடுகிறேன் என்றாரே, எதில் கூப்பிடுவார், போன் அவருடைய டிராயருக்குள் அல்லவா கிடக்கிறது, அதற்குள்ளேயே மணியடித்து அதற்குள்ளேயே ஓய்ந்துபோகுமோ… சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. மனைவியிடம் கேட்டிருந்தால் அவள் போனிலேயே பார்த்துச் சொல்லியிருப்பாள், ஆனால் அவளிடம் எப்படிக் கேட்பது, காலையில் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாளே, “எல்லா மாடியும் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?” என்று. “பாத்தேன்.” “அப்புறம் எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?” என்றாள், கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பாத்தேன் என்ற வார்த்தை எவ்வளவு லேசாக வந்தது, தண்ணீர் குடித்தேன் என்பதுபோல, தொண்டையில் எங்கேயும் இடிக்கவே இல்லை.

பார்த்தான்தான், மூன்று மாடி பார்த்தான். எட்டு மாடிக் கட்டடம், பழைய மாதிரி லிஃப்ட், கதவைக் கையால் இழுத்துத் திறக்க வேண்டும், பெட்டி வந்து நின்றால்தான் அந்த மாடியின் பூட்டு விடும், வராதபோது எவ்வளவு இழுத்தாலும் விடக்கூடாது, விட்டால் கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் குழிதான். மாதம் ஒரு தரம் ஒவ்வொரு மாடியாகப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தாளில் ஒரு கட்டம். பன்னிரண்டாம் தேதி ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறினான், முழங்கால் விண்விண்ணென்றது, மேலேயிருந்து ஒரு பெண் குரல் படிக்கட்டு வழியாக இறங்கி வந்தது, “ஏங்க, லிஃப்ட் வருமா வராதா?” “இதோ வந்துடும்மா!” என்று கத்திவிட்டு, மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து, போன மாதம் பார்த்ததுதானே, ஒரு மாதத்தில் இரும்பு என்ன தேய்ந்தா போய்விடும் என்று, மீதி ஐந்து கட்டத்துக்கும் வரிசையாக டிக் போட்டான். ஐந்து டிக் போட எத்தனை நொடி ஆகியிருக்கும்… நேற்று நாலாம் மாடிப் பூட்டு விட்டுவிட்டது. பெட்டி இரண்டாம் மாடியில் நின்றிருந்தது. ஒரு பெண் துணிக்கூடையோடு யாரிடமோ திரும்பிப் பேசிக்கொண்டே கதவைத் திறந்து காலை எடுத்து வைத்தாளாம், இரண்டு ஆள் உயரம் விழுந்து, பெட்டியின் கூரையில் கிடந்தாளாம், வாட்ச்மேன் சொன்னான். அன்று படிக்கட்டில் கேட்ட குரல் அவளுடையதுதானோ, இருக்காது, எட்டு மாடியில் எத்தனை பெண்கள், அவள் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது மூச்சிருந்தது. அதற்குப் பிறகு? அதைத்தானே, அந்த ஒன்றைத்தானே இந்த ரேடியோப் பெட்டியிடம் கேட்கிறான், வேறென்ன கேட்டான்.

“என்ன மாப்பிள்ளை, பெட்டியோட மல்லுக்கட்டுறீங்க?” மாமனார் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டியபடி வந்து நின்றார். நாற்பது வருடம் தபால் பிரித்தவர், எதற்கும் ஓர் அறை இருக்க வேண்டும் அவருக்கு, ரிசீவரின் ஆறு பொத்தான்களிலும் ஆறு நிலையங்களை அடைத்து வைத்திருக்கிறார், அதில் மட்டும் யாரும் கைவைக்கக் கூடாது. உள்ளூர் வானொலி வேணும் மாமா என்றான், எதற்கு என்று அவர் கேட்கவில்லை, மகள் சொல்லியிருப்பாள், கேட்காததே ஒரு மாதிரி இருந்தது, கேட்டிருந்தால் எரிச்சலாவது பட்டிருக்கலாம். “அது தானா நிக்காது. இதோ இந்த மேனுவலைத் தட்டிட்டு ஒவ்வொரு புள்ளியா நகத்தணும். தொண்ணூத்தி நாலு புள்ளி ஏழு. மெமரில மட்டும் போட்டுடாதீங்க, என் நாடகம் அழிஞ்சிடும்.” ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினான், தொண்ணூற்று நாலு நாலு, ஐந்து, ஆறு, சுவரில் மணி ஒன்பது ஐம்பத்திரண்டு, ஏழு… இரைச்சல்தான், இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. “மோனோல போடுங்க, இரைச்சல் கொஞ்சம் அடங்கும்.” போட்டான், கொஞ்சம்தான் அடங்கியது. எழுந்தான், ஜன்னலுக்குப் போனான், திரும்பி வந்தான், எதிர்க் கட்டடத்தில் ஆறு மாடி, அதற்குப் பக்கத்தில் ஐந்து, எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கண் எண்ண ஆரம்பித்துவிடுகிறது, நாலாவதில் போய் நின்றுகொள்கிறது, நாலாவதில் ஒரு கிழவர் பால்கனியில் பத்திரிகை படிக்கிறார், நிம்மதியான மனிதர், யாரைப் பார்த்தாலும் நிம்மதியான மனிதர்களாகவே இருக்கிறார்கள்.

ஆன்டெனா என்பது ஒரு மெல்லிய ஒயர், ரிசீவருக்குப் பின்னாலிருந்து வந்து ஜன்னல் சட்டத்தில் ஆணியில் தொங்குகிறது, அதைச் சரியாக மாட்டலாம் என்று பிடித்தான், பிடித்ததுதான் தாமதம், இரைச்சல் சட்டென்று விலகி, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் ஒரு பெண், சோப்பு விளம்பரம், விட்டான், மறுபடி இரைச்சல். “விடாதீங்க, விடாதீங்க! உங்க உடம்புக்குத்தான் நல்லாக் கேக்குது, அப்படியே நில்லுங்க மாப்பிள்ளை!” மாமனாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கையைக் கொஞ்சம் இறக்கினால் இரைச்சல், காலை மாற்றினால் இரைச்சல், தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, இடது காலில் பாரத்தைப் போட்டு, மூச்சைக்கூடப் பார்த்து விட்டால்தான் கேட்கிறது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து ஓர் இடத்தில் உட்காராதவனை, படுக்கையில்கூடப் புரண்டுகொண்டே கிடந்தவனைப் பிடித்து வந்து இப்படி நிறுத்தியாகிவிட்டது, கால் பரபரக்கிறது, முதுகில் ஈ உட்கார்ந்ததுபோல் அரிக்கிறது, ஒன்பது ஐம்பத்தெட்டு, மாத்திரை விளம்பரம், ஒன்பது ஐம்பத்தொன்பது, உள்ளே எதுவோ தீயும் வாசனை, “ஐயோ, பால்!” என்று மாமனார் துண்டோடு சமையலறைக்கு ஓடினார், நல்லது, அவர் முகத்துக்கு எதிரே நின்று கேட்க வேண்டாம்.

மணி பத்து என்றது அந்தப் பெண் குரல், செய்திகள் என்றது. மேற்குப் பகுதியில் குழாய் உடைந்து இரண்டு நாட்களுக்குத் தண்ணீர் வராது, சரி, பாலத்தில் ஒருவழிப் பாதை, சரி சரி, மேலே போ… நேற்று மாலை எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் கதவு திறந்து, என்றது, ஒயரை இறுக்கிப் பிடித்தான், நாற்பத்தொரு வயதுப் பெண், என்றது, நாற்பத்தொன்றா, தன் வயதுதான், இனி சொல்வார்கள், இதோ சொல்லப் போகிறார்கள், மெக்கானிக் என்று சொல்வார்களா, ஊழியர் என்பார்களா, பெயரைச் சொல்வார்களா, சொன்னால் மருந்துக்கடையிலும் ரேடியோ ஓடுகிறதே, மனைவி மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது காதில் விழுமே, அலட்சியம் என்று சொல்வார்கள், கைது என்று சொல்வார்கள், சூப்பர்வைசர் தாளைக் காட்டியிருப்பாரா, காட்டினால் டிக்தானே இருக்கும், டிக்கைப் பார்த்தால் எங்கே உட்கார்ந்து போட்டது என்று தெரியுமா என்ன, ஆனால் பூட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும், பல வாரத் தேய்மானம் ஒரே பார்வையில் தெரியும், அவனுக்கே தெரியுமே… பராமரிப்பு நிறுவனத்தின் அறிக்கையில், என்றது குரல், மூச்சை நிறுத்தினான், எல்லா மாடிகளின் கதவுப் பூட்டுகளும் இம்மாதம் பன்னிரண்டாம் தேதி முறையாகச் சோதிக்கப்பட்டதற்கான பதிவு உள்ளது என்றும், கதவு வெளியிலிருந்து பலமாக இழுக்கப்பட்டிருக்கலாம் என்றும், விசாரணை நடப்பதாகவும்… அடுத்து வானிலை. பெயர் வரவில்லை. மெக்கானிக்கும் வரவில்லை. பலமாக இழுக்கப்பட்டிருக்கலாம்! யார் யோசித்த வாக்கியம் அது, சூப்பர்வைசருக்கு இவ்வளவு மூளையா, பழைய கதவு, இழுக்கத்தானே செய்வார்கள், கூடையோடு அவசரத்தில் ஓங்கி இழுத்திருப்பாள், ஏன் இழுக்க மாட்டாள்… உடம்பு முழுக்க வெந்நீர் ஊற்றியதுபோல் இளகியது, நேற்று மத்தியானத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பசித்தது, வெட்கமே இல்லாமல் பசித்தது. ஒயரை விட்டான். இரைச்சல் வந்தது, வந்துவிட்டுப் போகட்டும்.

மாமனார் கரித்துணியோடு சமையலறை வாசலில் நின்றார். “பால் பாதி போச்சு. செய்தி முடிஞ்சிடுச்சா? நம்ம லிஃப்ட் பத்திச் சொன்னாங்களா?” நம்ம லிஃப்ட் என்கிறார், அப்படியானால் எல்லாம் தெரியும் அவருக்கு. சொன்னாங்க மாமா, கம்பெனி மேல தப்பில்லன்னுதான் சொல்றாங்க, செக் பண்ண ரெக்கார்டு இருக்குன்னு சொன்னாங்க என்றான், குரல் தேவைக்கு மேல் உரத்து வந்தது, இன்னும் சொல்லிக்கொண்டே போகலாம்போல் இருந்தது. அவர் தலையாட்டினார், அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை என்பதுபோல, எந்த அறையில் போடுவது என்று தெரியாத ஒரு கடிதத்தை ஓரமாக வைப்பதுபோல. “அது கிடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு எப்படி இருக்காம்?”

வாயைத் திறந்தான். நாற்பத்தொரு வயதுப் பெண், அதுவரை இருக்கிறது, அதற்குப் பிறகு… குரல் நிற்கவே இல்லையே, பேசிக்கொண்டுதானே இருந்தது, ஒரு நொடிகூட இரைச்சல் இல்லையே, நாற்பத்தொன்றுக்கும் அறிக்கைக்கும் நடுவில் ஒரு முழு வாக்கியம், இரண்டு வாக்கியம்கூட, தெளிவாக, நிதானமாக, காதுக்குப் பக்கத்தில் சொன்னாளே, என்ன சொன்னாள், குரல் ஏறியதா இறங்கியதா, அதுகூட… “சொன்னாங்க” என்றான். மாமனார் மீதியைக் கேட்பதற்காக அப்படியே நின்றுகொண்டிருந்தார்.