முன்சீப் தின்ற எலிமருந்து

எந்த வழக்கிலும் தன் பக்கம் நிற்க ஒரு முன்சீப்பாவது இருக்கட்டும் என்று நடராசன் தன் நாய்க்கு அந்தப் பெயரை வைத்திருந்தார்.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்த புதிது. வாய்க்காலை ஒட்டிய அவருடைய நாலு மா நிலத்தில் ஏழு வருஷமாகக் குத்தகைக்குப் பாடுபட்ட ஐயாவு, பதிவுக்கு மனு போட்டார். நடராசனோ தாசில்தாரிடம், "சாகுபடி நான்தாங்க. இவன் வெறும் கூலியாள்" என்று சொல்லிவிட்டு வந்தார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மார்கழியில் சம்பாக் கதிர் பால் பிடித்ததும் எலிகள் வந்தன. ஐயாவு எலிமருந்தைக் கருவாட்டுத் தூளில் பிசைந்து வரப்பில் வைத்தார். முந்தின நாளே நடராசன் வீட்டு வாசலில் நின்று, "மருந்து வைக்கப் போறேன், நாயைக் கட்டிப் போடுங்க!" என்று உரக்கச் சொன்னார். பேச்சு வார்த்தை இல்லாத மனிதர் எப்படிக் காதில் வாங்குவார்? நடராசன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் காலை முன்சீப் கால் பின்ன வந்து வாசலில் சாய்ந்தது. வாயெல்லாம் நுரை. பின்னாலேயே ஐயாவு சைக்கிளில் வந்து சேர்ந்தார், கையில் மருந்துப் பொட்டலத்தோடு.

நடராசனின் மனைவி மங்களாம்பிகை ஒரு சொம்பு மோரோடு ஓடிவந்தாள்.

"ஊத்தாதீங்கம்மா!" என்று தடுத்தார் ஐயாவு. "மோரு, எண்ணெய், உப்புத்தண்ணி எதுவும் வேணாம். வாயில்லா சீவன் தின்னுட்டா, நேரா மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு மருந்து கொடுத்த ஆபீசர் சொல்லியிருக்காரு."

"வண்டியைப் பூட்டச் சொல்றேன்," என்றார் நடராசன்.

"மாட்டு வண்டி போய்ச் சேர்றதுக்குள்ள உசுரு போயிடும். பின்னால ஏறுங்கய்யா."

நடராசன் ஏறினார். மடியில் நாய், முன்னால் ஐயாவுவின் வியர்த்த முதுகு. டீக்கடையில் பக்கிரி எழுந்து நின்று, "என்னங்க, சமாதானம் ஆயிடுச்சா?" என்றான். "முன்சீப்புக்கு ஒடம்பு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டே ஐயாவு பெடலை மிதித்தார். யாரோ பெரிய அதிகாரிக்குத்தான் ஆபத்து என்று பக்கிரி பதறிப்போனான்.

கூத்தாநல்லூர் டாக்டர் பொட்டலத்தைப் படித்துப் பார்த்தார். "இதைக் கொண்டாந்தீங்களே, பாதி வேலை முடிஞ்சுது." வாந்தி எடுத்தால் விஷவாயு வரும் என்று நாயை வெளியே மரத்தடிக்குக் கொண்டுபோய் ஊசி போட்டார். முன்சீப் கருவாட்டையெல்லாம் கக்கியது. எல்லோரும் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்றார்கள்.

டாக்டர் நோட்டைத் திறந்து அதட்டினார். "மருந்து வச்ச வயல்ல நாயைத் திரிய விடலாமா? யார் வயல்?"

"என்னைத் திட்டாதீங்க டாக்டர்," என்று நடராசன் பதறினார். "நான் அந்தப் பக்கமே போறதில்லை. ஏழு வருஷமா இவன்தான் சாகுபடி!"

ஐயாவு பணிவாகக் கை கட்டினார். "டாக்டர், ஐயா சொன்னதை அப்படியே எழுதிக்குங்க."



மூன்று நாள் கழித்து முன்சீப் கஞ்சி குடித்தது. ஆஸ்பத்திரியில் நடந்ததைக் கேள்விப்பட்டிருந்த மங்களாம்பிகை கணவரிடம் கேட்டாள்: "டாக்டர்கிட்ட ஒண்ணு, தாசில்தார்கிட்ட இன்னொண்ணா? ஆபீஸுக்கு ஒரு பேச்சு வச்சிருக்கீங்களா?"

அவர் திங்கட்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். ஐயாவு பெயரைப் பதிவு செய்ய ஆட்சேபணை இல்லை என்று எழுதி, முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.