டின்னுக்குள் இருந்த அப்பா

எங்கண்ணன் கை இருக்கே, அது தலையைக் கேட்டு நடக்கிற கையே இல்லை. இருட்டறைக்குள்ள பேப்பர்னு ஒண்ணு அகப்பட்டா நேரா படத்தைக் கறுக்க வைக்கிற டெவலப்பர் மருந்து ட்ரேக்குள்ளதான் போகும். ஊர்ல ஒரு பழைய மாளிகையை எடுத்த படங்களை நாங்க ரெண்டு பேரும் கண்காட்சிக்காக பிரிண்ட் போட்டுக்கிட்டிருந்தோம். படிக்கட்டு, உடைஞ்ச கண்ணாடி ஜன்னல், மழை ஒழுகின சுவர். கறுப்பு போதலைன்னு ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டு என் உயிரை வாங்குவான்.

எங்கப்பாதான் அந்த மாளிகைக்குக் காவல்காரர். கேமராவைக் கண்டா எழுந்து போயிடுவார். ஊரையே படம் பிடிக்கிற குடும்பம்னு பேரு, என் கல்யாண ஆல்பத்துல அப்பாவோட முதுகுதான் இருக்கு! அதான் ஒரு பவுடர் டின்ல ஊசியால ஓட்டை போட்டு, உள்ளே போட்டோ பேப்பரைச் சுருட்டி வெச்சு, அவர் நாற்காலிக்கு எதிர்த் தூண்ல கட்டினேன். மாசக்கணக்கா வெளிச்சம் விழுந்து, படம் தானா பதியும். நடமாடுறவங்க அதுல விழமாட்டாங்க. அப்பா எங்கே நடமாடினார்? ஒரே நாற்காலி, ஒரே சாய்வு.

"என்னடி அது டப்பா?"ன்னார்.

சுவர்ல ஈரம் பார்க்கிறதுக்குன்னு புளுகினேன். அன்னையிலிருந்து அதுக்கும் சேர்த்துக் காவல் காத்தார்.

போன மாசம் அந்த நாற்காலியிலேயே போயிட்டார்.

இன்னைக்குத்தான் அம்மாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு டின்னைக் கழட்டிட்டு வந்தேன். இந்தப் பேப்பரை டெவலப்பர்ல போடவே கூடாது, போட்டா மொத்தமும் கறுத்துடும். படம் ஏற்கெனவே அதுல இருக்கு, அப்படியே ஸ்கேன் பண்ணணும், அவ்வளவுதான். அண்ணனுக்குத் தெரியாததா? எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். சிவப்பு பல்பு வெளிச்சத்துல விரிச்சேன். வாசல், நாற்காலி. நாற்காலியில வெளிறின ஒரு உருவம், தலை கொஞ்சம் சாஞ்சு.

"அண்ணா, அப்பா! இங்க பாரு!"

வாங்கிப் பார்த்தான். "அவரேதான்... கையைப் பாரு, முட்டிமேல..." அழ ஆரம்பிச்சுட்டான். கண்ணைத் துடைக்க ஒரு கையைத் தூக்கினான். இன்னொரு கை அது பாட்டுக்குப் பேப்பரை ட்ரேக்குள்ள விட்டு ஆட்டவும் ஆரம்பிச்சுடுச்சு.

"ஐயையோ! அண்ணா!"

பிடுங்கினேன். தண்ணியில அலசினேன். எதுக்கு அலசினேன்னு எனக்கே தெரியலை. முட்டி போச்சு, தோள் போச்சு, முகமும் கறுத்துக்கிட்டே வந்துச்சு. என்னால ஒண்ணும் பண்ண முடியலை, ஒரு மண்ணும் பண்ண முடியலை. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். தன் கையையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னான்.

கதவுக்கு வெளியில அம்மா குரல். "என்னடி, அப்பா தெரியுறாரா?"

நான் கறுத்த பேப்பரைத் திரும்பத் தண்ணிக்குள்ள விட்டு அலசினேன்.

"சரி சரி, மெதுவாவே பண்ணுங்க. நான் கதவைத் திறக்க மாட்டேன். வெளிச்சம் பட்டா கெட்டுடும், எனக்குத் தெரியாதா?"

வெளியில அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ற சத்தம் கேட்டுச்சு.